வால்வண்டியின் ஹாரன்

அருமனைக்கு அப்பால், ரப்பர்த் தோட்டத்து வீட்டின் முற்றத்தில் அன்று மத்தியானம் நின்றவர்கள் இவர்கள்தான். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான சிலுவைதாசன். கடற்கரைக்காரர், மீன் வியாபாரம் செய்கிறவர். கார் கிளப்பின் தலைவர் கிருஷ்ணமணி. டயர் கடை வைத்திருக்கும் அனிஷ், அவன் மனைவி ரெஜிஷா. தோட்டத்து வீட்டில் சமையல் பார்க்கும் நாகம்மை. நாகர்கோவில் தேவகுமார். அவருடைய இறந்துபோன தம்பி மத்தியாஸின் மகள் ஜெப்சி. இவர்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. நானும் நின்றேன், என் காதாலே கேட்டேன் என்று இன்றைக்குப் பலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

தேவகுமார் அன்றைய கிளப் கார் ஓட்டத்துக்கு வந்ததே ஒரு பெயரை மீட்பதற்காக.

அவருடைய அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கார் ஓட்டியவர். பிரசவ வலியில் துடித்தவர்களை மலையடிவாரத்திலிருந்து குலுங்காமல் இறக்கிக்கொண்டு வந்தவர். ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவர் வண்டி தொட்டதில்லை என்று ஊர் சொல்லும். அந்த வீட்டுப் பிள்ளை மத்தியாஸ், போன ஐப்பசியில் நடந்த கிளப் ஓட்டத்தில், பாசனச் சானல் கரை வளைவில் காரோடு தண்ணீருக்குள் போய்ச் செத்தான்.

அடக்க ஆராதனை முடிந்து கூட்டம் கலைவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அவனுக்கு முன்னால் வண்டி ஓட்டிப் போனவன் அனிஷ். மத்தியாஸ் அண்ணன் ரேஸ் விடுகிற வேகத்தில் வந்தார், கை காட்டியும் கேட்கவில்லை என்று அவன் சொன்னான். வேகத்தோடு குடியையும் ஊர் சேர்த்துக்கொண்டது. செத்தவனால் பதில் சொல்ல முடியாது. மத்தியாஸின் மனைவி இப்போது சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து வந்துவிடுகிறாள். தேவகுமார் ஒரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் சுசீந்திரம் தெப்பக்குளத்தருகே வண்டிகள் கூடின. கிருஷ்ணமணி வழக்கம்போலச் சட்டங்களைச் சொன்னார். வரிசையில் ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. பகலானாலும் விளக்கு எரிய வேண்டும். பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓரம் கட்டிக் காத்து நிற்க வேண்டும். கடைசியில் வருவது வால்வண்டி. யாரும் வழியில் விட்டுப்போகாமல் பார்ப்பது அதன் பொறுப்பு. போய்ச் சேர்ந்ததும் வால்வண்டி நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அது கேட்ட பிறகுதான் சாப்பாட்டுக்கு இலை போடுவார்கள்.

போன வருஷம் வால்வண்டியாக வந்த மத்தியாஸின் ஹாரனுக்குக் காத்திருக்காமல் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணன் பின்னாலேயே வருகிறார் என்று அனிஷ் சொன்னதை நம்பினார்கள். அவர்கள் மீன் குழம்பு ஊற்றிக் கிழங்கு தின்றுகொண்டிருந்த நேரத்தில் மத்தியாஸ் சானலுக்குள் கிடந்தான்.

இந்தத் தடவை வால்வண்டி யார் என்று கிருஷ்ணமணி கேட்டார். தேவகுமார் தம்முடைய கறுப்பு அம்பாசடரின் பானெட்டில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, அது வேண்டாமே" என்றார் கிருஷ்ணமணி.

"அது எனக்க தம்பி விட்ட எடம். நான்தான் வருவேன்."

அனிஷ் குனிந்து தன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றுச் சரியாகத்தான் இருந்தது.

கிருஷ்ணமணியின் ஜீப் முன்னால் போனது. அடுத்து சிலுவைதாசன், அவருக்குப் பின் மனைவியோடு அனிஷ், கடைசியில் தேவகுமார். பக்கத்தில் ஜெப்சி உட்கார்ந்திருந்தாள். சீட்டில் முதுகு படாமல் பெரியப்பா ஓட்டுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பெரியப்பா, சாயத்தான் சீட்டு செஞ்சு வச்சிருக்கான்."

"சாஞ்சா ஒறக்கம் வரும்."

"அப்பாவும் இதேதான் சொல்லுவாங்க" என்றாள் அவள்.

குலசேகரத்தில் மழை பிடித்தது. ரப்பர் மரங்களுக்கு இடையில் ரோடு நுழைந்ததும் பகல் அணைந்தது. மேலே இலைகள் ஒன்றோடொன்று கூடி, உச்சிப்பொழுது கருக்கலாகியது. வெட்டின ரப்பர்ப் பாலின் புளித்த வாடை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. முன்னே அனிஷ் வண்டியின் சிவப்பு விளக்குகள் மழையில் கரைந்து, தெரிந்து, கரைந்தன. தேவகுமார் வேகத்தைக் குறைத்தார். அவன் குறைக்கவில்லை. ஒரு திருப்பத்தில் சிவப்பு வெளிச்சம் போனது, மறுபடி வரவில்லை.

"இப்பவும் நிக்கல்ல, பாத்தியா" என்றார் தேவகுமார்.

சானல் கரை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அம்பாசடர் இரண்டு தடவை இருமி நின்றது.

எஞ்சின் சத்தம் அடங்கியதும் காடு கேட்கத் தொடங்கியது. பால் வடிவதற்காக மரத்துக்கு மரம் கட்டியிருந்த சிரட்டைகளில் தண்ணீர் சொட்டியது. ஆயிரம் சிரட்டை, ஆயிரம் சொட்டு. சானல் கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஓடும் சத்தம் மட்டும் மரங்களுக்குப் பின்னால் இருந்து வந்தது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்று தேவகுமாருக்குத் தெரியும். ஜெப்சியின் ஷாலை வாங்கிக்கொண்டு இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஒரே இருட்டு.

அப்போது பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது.

வந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. விளக்குகள்தான் முதலில் வந்தன. அம்பாசடரின் இரண்டு பக்கமும் வழிந்த வெளிச்சம் பானெட்டுக்கு அடியில் நுழைந்து எஞ்சினில் விழுந்தது. யாரோ நல்ல மனுஷன் என்று நினைத்துத் தேவகுமார் வேலையைப் பார்த்தார். மூடியைக் கழற்றி ஷாலால் துடைத்தார். அவருடைய ஒரு கை வெள்ளையாகவும் மறு கை மஞ்சளாகவும் தெரிந்தது. அதை அவர் பார்த்தார். யோசிக்கவில்லை.

பிறகு வாடை வந்தது.

புல்தைலம். மழையையும் ரப்பர்ப் பாலின் நாற்றத்தையும் தள்ளிக்கொண்டு, இப்போதுதான் குப்பியைத் திறந்ததுபோல வந்தது. கொசு வராமலிருக்க மத்தியாஸ் தன்னுடைய பியட் காருக்குள் புல்தைலம் தொட்டுத்தான் துடைப்பான்.

"பெரியப்பா." ஜெப்சியின் குரல் கண்ணாடிக்குள்ளிருந்து மெலிந்து வந்தது.

"என்ன மக்கா?"

"அந்த வைப்பர் சத்தம் கேக்குதா?"

கேட்டது. கிறீச். கொஞ்சம் இடைவெளி. மறுபடி கிறீச்.

"அது அப்பாக்க வைப்பர்" என்றாள்.

தேவகுமாரின் விரல்கள் மூடியை அழுத்திக் கொக்கிகளை மாட்டின. முன்விளக்கில் ஒன்று உடைந்தபோது மத்தியாஸ் மஞ்சள் பல்பு போட்டான். மாற்றச் சொன்னதற்கு, மஞ்சுக்கு இது கொள்ளாம் அண்ணே, பனியில நல்லாத் தெரியும் என்று சிரித்தான். அந்தக் கார் இப்போது இல்லை. சானலிலிருந்து தூக்கிய பிறகு பழைய இரும்புக்குப் போய், துண்டு துண்டாக வெட்டப்பட்டதைத் தேவகுமார் நேரில் நின்று பார்த்திருக்கிறார்.

அவர் பானெட்டைச் சாத்தினார்.

வெளிச்சம் இல்லை.

வைப்பர் சத்தம் இல்லை. மழையும் சிரட்டைகளும் மட்டும்.

அவர் பயந்து ஓடுகிற வம்சமில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு காரின் பின்பக்கம் நடந்துபோய்ப் பார்த்தார். ரோடு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்பாசடருக்குப் பின்னால், வழக்கமாக வரிசையில் விடுகிற இடைவெளி விட்டு, ஒரு கார் அளவுக்குத் தார் மட்டும் உலர்ந்து கிடந்தது. மழை தொடங்குவதற்கு முன்பே வந்து நின்ற வண்டி அந்த நிமிஷம்தான் நகர்ந்ததுபோல.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் முதல் துளி விழுந்தது.

அப்புறம் இன்னொன்று.

பொட்டுப் பொட்டாகக் கறுத்து, அந்த இடம் மற்ற ரோட்டோடு சேர்ந்துகொண்டது.

அவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. சானல் வளைவை நடக்கிற வேகத்தில் கடந்தார். ஜெப்சி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள். தோட்டத்து வீடு வரைக்கும் தேவகுமார் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து அவர் கண்ணாடி பார்க்காமல் ஓட்டியது அந்தத் தூரம் மட்டும்தான்.

கேட்டுக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. அவர் கிணற்றடியில் காரை நிறுத்தி இறங்கினார். ஹாரன் அடிக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை. முற்றத்தில் எல்லோரும் கேட்டுப் பக்கம் பார்த்து நின்றார்கள். நாகம்மை சுருட்டிய வாழையிலைகளைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"நீங்க எங்கேயிருந்து வாறீங்க?" என்று கிருஷ்ணமணி கேட்டார். அவர் முகம் சரியில்லை.

"வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்னு போச்சு. இவன் இந்தத் தடவையும் நிக்கல்ல."

"இல்ல அண்ணாச்சி" என்றான் அனிஷ். "உங்க வெளிச்சம் எனக்க கண்ணாடியிலே இருந்துது. கேட்டு வரைக்கும் எனக்க பின்னாலதானே வந்திய. நான் நிப்பாட்டினா நீங்களும் நிப்பாட்டினிய. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் சவுட்டினா அதே தூரத்துல..."

அவன் வந்து இறங்கி வெகு நேரமாகிவிட்டது என்றும், வால்வண்டி தனக்குப் பின்னாலேயே வந்துவிட்டது என்று அவன் சொன்னான் என்றும், கேட்டுப் பக்கம் பார்த்தால் ரோடு காலியாகக் கிடந்தது என்றும் சிலுவைதாசன் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்போதிருந்து யாரும் உட்காரவில்லை.

தேவகுமார் அனிஷின் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"வெளிச்சம் எப்படி இருந்துது?"

அனிஷ் கிணற்றடியில் நின்ற அம்பாசடரின் விளக்குகளைப் பார்த்தான்.

"ஒண்ணு மஞ்சள்" என்றாள் ரெஜிஷா. அவள் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் சைடு கண்ணாடியிலே அப்பவே பாத்தேன். நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"ரெஜி, மிண்டாத இரி."

"ஒரு வருசமா மிண்டாமத்தான் இருந்தேன்." அவள் புருஷனைப் பார்க்கவில்லை, ஜெப்சியைப் பார்த்தாள். "ஒனக்க அப்பா வேகமா வரல்ல. பையத்தான் வந்தாரு. நாங்கதான் வளைவு தாண்டி வழி தப்பிப் போயி, திரும்பிப் பறந்து வந்தோம். வளைவுல இவரு வண்டி அவருக்க பக்கத்துல ஏறிட்டு. நேருக்கு நேரே. நான்தான் இடிபடுற பக்கம் இருந்தேன். அவரு என்னப் பாத்தாரு. பாத்துக்கிட்டே ஸ்டியரிங்க சானல் பக்கம் ஒடிச்சாரு."

மரங்களிலிருந்து மிச்ச மழை சொட்டியது.

"வெள்ளத்துக்குள்ள போன பொறவும் ஹாரன் கேட்டுக்கிட்டே கெடந்துது" என்றாள் ரெஜிஷா. "நாங்க நிக்கல்ல."

தேவகுமாரின் முதுகு வளையவில்லை. அனிஷைத் தொடவும் இல்லை.

"எனக்க தம்பி அண்ணைக்குக் குடிச்சிருந்தானா?"

"இல்ல" என்றான் அனிஷ்.

"எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லு."

"அண்ணன் குடிக்கல்ல. வேகமா வரல்ல. தப்பு எனக்க மேல." சொல்லிவிட்டு அவன் முற்றத்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

நாளைக்கு இதையே ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தம்பி மனைவியின் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார் தேவகுமார். அனிஷ் தலையாட்டினான். இரண்டையும் அவன் பிறகு செய்தான்.

ஜெப்சி பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். காற்றே இல்லை. புல்தைல வாடை முற்றத்தைத் தாண்டி மெதுவாகப் போனது. நாகம்மை மூக்கை உறிஞ்சிச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அப்போது ஹாரன் அடித்தது.

நீளமாக. ஒரே தடவை. அவசரமில்லாமல் அடித்து, அவசரமில்லாமல் நின்றது.

சிலுவைதாசன் சிலுவை போட்டுக்கொண்டார். ரெஜிஷா தூணோடு சரிந்தாள். கிருஷ்ணமணிதான் பேசினார், பாதிக் குரலில்.

"வால்வண்டி வந்தாச்சு. இலையைப் போடு, நாகம்மை."

தம்பியின் பெயரைக் காப்பாற்றுவதற்காகத் தேவகுமாரே அந்த ஹாரனை அடித்தார் என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. அம்பாசடர் கேட்டுக்கு உள்ளே கிணற்றடியில் ஆளில்லாமல் நின்றது. தேவகுமாரின் ஒரு கையில் சாவி இருந்தது, மறு கையை ஜெப்சி பிடித்திருந்தாள். ஹாரன் அடித்தது கேட்டுக்கு வெளியே, ரோட்டில்.