பார்க்க மட்டும்

நேற்று ஏற்றுக்கொண்ட கடவுச்சொல்லை மாடி அறையிலிருந்த கணவனின் கணினி இன்று ஏற்கவில்லை.

கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, விசைகளைப் பெயர்த்துவிடுபவள்போல அவள் மூன்றாம் முறை தட்டினாள். அனுமதி இல்லை. பதினோரு வருடம் கணவனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து மனப்பாடமான சொல் அது. அவன் செத்து இருபது நாள். ஐந்து மணிக்கு அவன் அலுவலகத்து ஆள் வந்து கணினியை எடுத்துப்போவான். மொத்தமாக அழித்து வேறு யாருக்காவது கொடுப்பார்கள். ஒன்பதே நாள் உயிரோடிருந்த குழந்தையின் ஒரே காணொளி அதற்குள் இருந்தது. மாடித் திரையை, அவன் போன அன்று, பூச்சாடியால் அவளேதான் உடைத்தாள். இனி கீழிருந்து, இரண்டு கணினிகளையும் இணைக்கும் கம்பி வழியாகத்தான் எடுக்க முடியும்.

“தப்பா அடிக்கிறியாக்கா?” என்றான் தம்பி. கணினி பழுது பார்ப்பவன்.

“கண்ணு எனக்கு நல்லாத்தான்டா இருக்கு. உங்க மாமாதான் செத்தும் திருந்தல.”

“உனக்குன்னு தனியா ஒரு லாகின் கொடுத்திருந்தாரே?”

“கொடுத்தாரு. பார்க்கலாம், தொடக்கூடாது. பொம்மைக் கடையில பிள்ளைய நிறுத்தி வச்ச மாதிரி.”

“பார்க்க முடிஞ்சா போதும், காப்பி எடுத்துடலாம். அழிக்கத்தான் முடியாது.”

அது திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். புதியவை மேலே, பழையவை கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் ‘பாப்பா’. தம்பி அதை முதலில் எடுக்கச் சொன்னான். நகலாவதைக் காட்டும் பச்சைக் கோடு தொடங்கிய இடத்திலேயே நின்றது. ஜன்னலில் நாலு மணி வெயில், படிக்கட்டு வழியே இறங்கிவரும் கணினி விசிறியின் இரைச்சல், அதோடு, இதுவரை அவள் கவனித்திராத, சீராக விழும் ஒரு தட்டல்.

டொக்.

திரையில் கோப்புகள் நானூற்றுப் பதினொன்று.

“என்னடா பண்ற?”

“நான் கையே வைக்கலக்கா.” அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். “நம்மால இங்கிருந்து அழிக்கவே முடியாது. மேல உக்காந்திருக்கிற ஆளாலதான் முடியும்.”

மேலே யாரும் இல்லை.

டொக். டொக். தட்டல் வேகமெடுத்தது. முந்நூறு. இருநூறு.

“போய் பிளக்கைப் பிடுங்குக்கா!”

அவள் படியேறினாள். பயமில்லை, கோபம்தான். குழந்தை இருந்த ஆஸ்பத்திரியில் கூட ‘அதை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிற’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன். அவள் அழுதால் அறையைவிட்டுப் போகிறவன். கதவை உதைத்துத் திறந்தாள். சூடான தூசியின் வாடை, அதற்கடியில் அவன் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை. கீறல் விழுந்த கறுப்புத் திரை. காலி நாற்காலி.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். விசிறி முனகி, தளர்ந்து, நின்றது.

“பிடுங்கிட்டேன்!”

கீழிருந்து தம்பியின் குரல், உலர்ந்துபோய்.

“இன்னும் போகுதுக்கா. முப்பது.”

டொக்.

விசைப்பலகையின் மூலையில், அழிக்கும் விசை தாழ்ந்தது. எழுந்தது. தாழ்ந்தது.

“விடு,” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு. “உனக்கு வேணாம்னா எனக்கு வேணும். அது என் பிள்ளை. விடு!”

டொக்.

“அஞ்சு.”

டொக்.

“அக்கா... ஒண்ணுதான் இருக்கு. பாப்பா.”

தட்டல் நின்றது. விசை மேலே நின்றது. காத்திருந்தது.

அவள் பாய்ந்து, அதை மறைக்க உள்ளங்கையை வைத்தாள்.

கை விசையைத் தொடவில்லை. அதற்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஒரு புறங்கையின்மேல். சில்லென்ற தோல். முடி. எலும்பு. தைலத்தின் பிசுபிசுப்பு.

அவள் முழுப் பலத்தோடும் அதைப் பற்றி மேலே இழுத்தாள்.

அது, அவள் கையையும் சேர்த்து, மெல்லக் கீழே அழுந்தியது.