வேலைக்குப் போன பொம்மை

இங்கிலாந்தில் டம்பிள்ஃபோர்டு என்று ஒரு குட்டிக் கிராமம். மொத்தமே முந்நூறு பேர். ஒரே ஒரு கடை, எண்ணூறு வருடப் பழைய சர்ச், ஒரு வாத்துக் குளம். செம்பாக்கத்தில் இருக்கும் எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஊர்ப் பள்ளியும் எங்கள் பள்ளியும் சிநேகிதம். மாதம் ஒருமுறை வீடியோ காலில் பேசுவோம்.

அங்கே வருடா வருடம் சோளக்கொல்லை பொம்மைத் திருவிழா நடக்கும். வீட்டுக்கு வீடு ஒரு பொம்மை செய்து வாசலில் நிறுத்துவார்கள். இந்த வருடம் எங்களையும் ஒன்று செய்து காட்டச் சொன்னார்கள்.

“ஜீவிதா செய்வா மிஸ்!” என்று என் பெயரை நானே கொடுத்தேன்.

நாலு நாள் வேலை. அப்பாவின் லுங்கி, பானைத் தலை, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. வெள்ளிக்கிழமை காலை, பெயின்ட் காயட்டும் என்று எதிர் வீட்டு ஜல்லிக் குவியலில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ரெண்டே ரெண்டு இட்லிதான். திரும்பி வந்தால் பொம்மையைக் காணோம்!

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே புதிதாகக் கட்டும் வீட்டின் மூன்றாம் மாடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ! அண்ணா, அது என் பொம்மை!”

மேஸ்திரி ஏசுபாதம் டீயைக் கீழே வைத்தார். “இன்னா பாப்பா சொல்ற? திருஷ்டி பொம்மை எங்கன்னு ஓனரம்மா ஒரு வாரமா ஒரே பேஜார். ஜல்லி மேல சாஞ்சினு இருந்துச்சா, அவங்கதான் வாங்கி வச்சாங்கன்னு கட்டிட்டேன்.”

வீட்டுக்காரர் சாமுண்டீஸ்வரி ஆன்ட்டியும் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் பதறினார்.

“கட்டின திருஷ்டி பொம்மையை கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி இறக்கவே கூடாதும்மா! உனக்கு வேற பொம்மை வாங்கித் தரேன்.”

கடைப் பொம்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மூன்று மணிக்கு வீடியோ கால். வகுப்பே என்னை நம்பி இருக்கிறது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் ஆன்ட்டியைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. நிஜமாகவே பயந்திருந்தார்.

பொம்மை இறங்காவிட்டால் போகட்டும், நாம் இங்கே வந்தால் என்ன?

“அது அங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. மூணு மணிக்கு நாங்க வந்து பார்த்துக்கலாமா?”

“தாராளமா வாங்க!” என்றார். ‘நாங்க’ என்றால் முப்பத்தெட்டு பேர் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மூன்று மணிக்குத் தெருவே நிறைந்தது. கிறிஸ்டினா மிஸ் போனை உயர்த்திப் பிடித்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன்.

“உங்க பொம்மை காக்காயை விரட்டும். எங்க பொம்மை பொறாமைக் கண்ணை விரட்டும். இவருக்கு இந்த வீட்டுல வேலை கிடைச்சிடுச்சு!”

அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். “எங்க ஊர்ல எல்லாப் பொம்மையும் சும்மாதான் நிக்குது. உங்களோடது மட்டும்தான் வேலைக்குப் போகுது!” என்றான் ஒரு பையன். உடனே எல்லோரும் திரையை முட்டிக்கொண்டு வந்து, கண்ணை அகல விரித்து, ஏதோ கத்தினார்கள்.

“என்ன சொல்றாங்க?” என்றார் ஆன்ட்டி.

“‘அடேயப்பா, எவ்வளவு பெரிய வீடு! எவ்வளவு அழகு!’ன்னு சொல்றாங்க” என்றார் மிஸ்.

ஆன்ட்டியின் முகம் வெளிறிவிட்டது. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஜீவிதா, சீமையில இருந்தெல்லாம் கண்ணு வைக்கிறாங்களே! இன்னொண்ணு செஞ்சு குடும்மா. இதைவிடப் பெருசா!”