இடப்பக்கம் ஏழாவது விலா

செவிலியர் பள்ளியில் உடற்கூறியல் ஆசிரியையாக நான் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நல்ல வெயில். பழைய கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் கடைசி அறை என்னுடையது. பூட்டைத் திறந்துவிட்ட ஆய்வக உதவியாளரை எல்லோரும் சாவியக்கா என்றே கூப்பிட்டார்கள்; இடுப்பில் அத்தனை சாவிகள். உள்ளே ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. மூலையில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி. அதற்குள், சக்கரம் வைத்த ஸ்டாண்டில், ஓர் எலும்புக்கூடு தொங்கியது.

"பிளாஸ்டிக்கா அக்கா?"

"நிஜம்தான் மிஸ். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. பொம்பளைன்னு சொல்லுவாங்க."

இடுப்பெலும்பின் அகலத்தைப் பார்த்ததுமே எனக்கும் அது தெரிந்தது.

முதல் வாரமே கை தவறியது. வகுப்புக்காக வெளியே இழுத்தபோது சக்கரம் அலமாரிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள, கூடு விளிம்பில் மோதி, இடப்பக்கம் ஏழாவது விலா இரண்டாக முறிந்தது. பதிவேட்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறைக்காமல் சொன்னால் சட்டென்று முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாளே பிரின்சிபாலிடமிருந்து மெமோ வந்தது. ஏன் உடைத்தீர்கள், எழுத்துமூலம் விளக்கவும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன்.

பிறகு ஒட்டும் வேலை. சாதாரணப் பசை போட்டேன். காலையில் காய்ந்த புண்ணின் பக்குபோல உதிர்ந்து கிடந்தது. மரத்தையே பிடிக்கும் பசை போட்டேன், அதுவும் உதிர்ந்தது. கம்பி சுற்றினேன். முறுக்கிய கம்பி முறுக்கு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"யார்க்கா கழட்டினது?"

"சாவி என்கிட்டதான் இருக்கு மிஸ். நான் தொடல."

மூன்று வாரம் இதே கூத்து. விரல் நுனியெல்லாம் பசை. அந்தக் கையோடுதான் பாடம் நடத்தினேன். செல்கள் சேர்ந்தால் திசு, திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு. எலும்பும் உயிருள்ள திசுதான். முறிந்தால் முதலில் ரத்தம் கட்டும், அப்புறம் குருத்தெலும்பாக ஒரு புடைப்பு வரும், கடைசியில் அது இறுகும். குருத்தெலும்பு எப்படி இருக்கும் என்று தெரியக் காதுமடலை எல்லோரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள். "அப்ப இந்த விலாவும் தானா ஒட்டிக்குமா மிஸ்?"

வகுப்பே சிரித்தது.

"ஒட்டறதுக்கு ரத்தம் வேணும். உயிருள்ள செல் வேணும். இதுல ரெண்டும் இல்ல. நோட்ல எழுதுங்க," என்றேன், எரிச்சலோடு.

அடுத்த வாரம் விலாவில் இடைவெளி இல்லை.

முறிந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு புடைப்பு. யாரோ மெழுகு வைத்து விளையாடுகிறார்கள் என்று கட்டைவிரலால் அழுத்தினேன்.

காதுமடலை அழுத்தியதுபோல வளைந்து கொடுத்தது.

மேலும் சில வாரங்களில் அது கல்லாக இறுகியது. அந்தச் சமயம் பார்த்து ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல். பிரின்சிபால் பதிவேட்டோடு நேரில் வந்தார். விலாவைத் தடவிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கேம்மா உடைஞ்சிருக்கு?"

"இதோ, இந்த இடம் சார். ஒட்டிக்கிச்சு."

"பசை போட்டீங்களா?"

"போட்டது நிக்கல சார். தானாத்தான்..."

"உடையாததைக் காட்டி உடைஞ்சதுங்கறீங்க. கூட்டையே மாத்திட்டீங்களா?"

"நிஜக் கூட்டுக்கு நான் எங்க சார் போவேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எழுதிக் குடுங்க."

உடைத்ததற்கு ஒரு மெமோ. உடையாமல் இருப்பதற்கு இன்னொன்று. எனக்கு அழுகையே வந்தது. சாவியக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க பாத்தீங்கல்ல. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"சொன்னா என்னையும் எழுதச் சொல்லுவாரு." சாவிக்கொத்தை உருட்டியபடி நின்றார். பிறகு அலமாரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுங்க மிஸ். ஆறிக்கிட்டு வருது. ஆறட்டும்."

நான் விடவில்லை. மாணவிகள் சாப்பிடப் போயிருந்த நேரம், கதவைச் சாத்திவிட்டு, ஒரு புது பிளேடை எடுத்தேன். அந்தப் புடைப்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்று போதும். நுண்ணோக்கியில் வைத்துப் பிரின்சிபாலைப் பார்க்கச் சொல்லலாம். செத்த எலும்பா, உயிருள்ளதா என்று அவரே சொல்லட்டும்.

பிளேடு வைத்த இடம் ஈரமாக இருந்தது.

முட்டை ஓட்டுக்கு உள்ளே இருப்பதுபோல ஒரு மெல்லிய தோல். இடுக்கியால் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

சத்தம் போடாமல் வலியைப் பொறுப்பவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்களே, அப்படி.

திரும்பினேன். யாரும் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது.

பிளேடின் நுனியில் ஒரு சிவப்புத் துளி.

எலும்பின் மேலுறையில் நரம்புகள் அதிகம், அதைத் தொட்டால் வலியில் உயிர் போகும் என்று போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பத்து வருடம் வார்டில் நின்ற கை என்னுடையது. தானாகவே பஞ்சை எடுத்து அந்த இடத்தில் அழுத்தியது. "அவ்வளவுதான்மா, அவ்வளவுதான்," என்று என் வாய் முணுமுணுத்தது.

பஞ்சுக்கு அடியில், விலா மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

ரத்தம் பட்ட பஞ்சோடு பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"கையைக் கிழிச்சுக்கிட்டீங்களா? முதல்ல கட்டுப் போடுங்க."

"இது என் ரத்தம் இல்ல சார்."

"உட்காருங்க. தண்ணி குடிங்க. நான் சொல்றேன், எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விலா எலும்பு உடையவே இல்லை. கவனக்குறைவால் பதிவேட்டில் தவறாகக் குறித்துவிட்டேன். இனி இவ்வாறு நிகழாது. கையெழுத்துப் போட்டேன். என் கண்ணால் கண்டதை என் கையாலேயே இல்லை என்று எழுதியது இன்றைக்கும் ஆறவில்லை.

ஆய்வுக் குழு வந்தது. இரண்டு நிமிடம் நின்றது. "நல்லா வச்சிருக்கீங்க," என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும் கூட்டை அலமாரிக்குள் தள்ளிக் கதவை அடைத்தேன். கண்ணாடியில், என் முகத்துக்கு நேராக, உள்ளங்கையளவு ஆவி படர்ந்திருந்தது. என் மூச்சுதான் என்று முந்தானையால் துடைத்தேன்.

போகவில்லை.

இரண்டடி பின்னால் நகர்ந்து, என் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஆவி மெல்ல மறைந்தது. கண்ணாடி தெளிந்தது.

மறுபடி படர்ந்தது.