ஆள் ஜாமீன்

கொழும்பு விமான நிலையத்தில் பிரசாந்த் இறங்கியபோது நல்ல வெயில். மஸ்கட்டிலிருந்து வந்தவன், திருச்சிக்கு விமானம் மாற வேண்டும். அதற்கு இன்னும் பொழுது கிடந்தது. ஊர் திரும்புகிற வளைகுடாக்காரனுக்கு இந்த இடைவேளையைப் போல வதை வேறில்லை. உட்காரவும் இருப்புக்கொள்ளாது, கடைகளில் விலை கேட்கவும் தைரியம் வராது, பையை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போகவும் மனம் ஒப்பாது. ஆனால் பிரசாந்துக்கு அன்றைக்கு எதுவுமே உறைக்கவில்லை. விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக வீட்டுக்குப் போகிறவன் அவன். கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அவன் மனைவி இலக்கியா வயிற்றுப் பிள்ளையோடு காத்திருந்தாள். இனி செத்தாலும் அந்தப் பாலைவனத்துக்குப் போவதில்லை என்று விமானம் ஏறும்போதே முடிவு கட்டியிருந்தான்.

மஸ்கட்டில் அவன் வரிசையில் நின்றபோது ராக்கனிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது.

"மச்சான், கொழும்புலதான எறங்குறே? நானும் அங்கனதான் நிக்கிறேன். பாக்காமப் போயிராத."

ராக்கன் அதே ஊர்க்காரன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. இருவரும் முதலில் சவூதியில் ஒரே கேம்பில், மேலும் கீழுமான கட்டிலில் கிடந்தவர்கள். பிறகு பிரசாந்த் மஸ்கட்டுக்கு மாறிவிட்டான். ராக்கன் அதே கம்பெனியில் குழாய் பதிக்கக் குழி தோண்டிக்கொண்டு அங்கேயே இருந்தான்.

கொழும்பில் பிரசாந்த் அவனைப் பார்த்துவிட்டான். கண்ணாடிச் சுவரோரம், வெயில் நேராக விழுகிற நாற்காலியில், கம்பெனியின் நீலச் சட்டையோடு ராக்கன் உட்கார்ந்திருந்தான். கையில் பை இல்லை. பக்கத்து இருக்கைகளும் காலியாக இருந்தன. அவ்வளவு கூட்டத்திலும் அந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை என்பது பிரசாந்துக்குப் பின்னால்தான் நினைவு வந்தது.

"என்னடா மாப்ள, வேலைச் சட்டையோடவா ஊருக்குக் கெளம்புவாக? ஒம் பொண்டாட்டி ராசாத்தி பாத்தா வெளக்கமாத்தத் தூக்கிருவா."

ராக்கன் சிரித்தான். சத்தம் வரவில்லை. பல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

பிரசாந்த் டீ வாங்கி வந்து கொடுத்தான். ராக்கன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை. அவனிடமிருந்து ஈர மணல் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்தன. குழி வேலைக்காரன், குளிக்காமல் ஓடி வந்திருப்பான் என்று பிரசாந்த் நினைத்துக்கொண்டான்.

"எனக்கு இன்னும் லீவு முடிவாகல மச்சான்" என்றான் ராக்கன். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "ஜாமீனுக்கு ஆள் கேக்குறாக."

அவர்கள் கேம்பின் வழக்கம் அது. ஒருவன் லீவில் ஊருக்குப் போக வேண்டுமானால் இன்னொருவன் அவனுக்கு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும். முதீர் என்கிற மேலாளர் முன்னால் போய், போகிறவன் தோளில் வலது கையை வைத்து, "இவன் வருவான். வரலைன்னா நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் போனவன் திரும்பி வந்து விடியற்காலை வேலைக்கு ஏற்றிப்போகிற வெள்ளைப் பஸ்ஸில் ஏறுகிறவரை, நின்றவன் எங்கும் நகர முடியாது. வராவிட்டால் அவன் வேலையையும் இவன்தான் சுமக்க வேண்டும்.

பிரசாந்தின் அப்பா இறந்தபோது ராக்கன்தான் ஜாமீன் நின்றான். பிரசாந்தின் கல்யாணத்துக்கும் அவன்தான். அந்தக் கல்யாண லீவுக்கு நின்றதால்தான் ராக்கனால் தன் மகள் இளமதியின் காதுகுத்துக்குப் போக முடியாமல் போனது. அவன் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

"நான் இப்ப ஒங்க கம்பெனியே இல்லையடா. என் ஜாமீன் எப்புடிச் செல்லும்?"

"செல்லும். இது வேற எடம். ஆனா ரூல் எல்லாம் ஒண்ணுதான் மச்சான். ஒருத்தன் வெளிய போனா ஒருத்தன் இருக்கணும்." ராக்கன் கண்ணிமைக்காமல் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? பிரசாந்த் சிரித்துக்கொண்டே அவன் தோளில் வலது கையை வைத்தான். சட்டை ஜில்லென்று நனைந்திருந்தது.

"இவன் வருவான். வரலைன்னா நான் இருக்கேன். போதுமாடா?"

ராக்கன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ முன்னாடி போ மச்சான். நான் பின்னாடியே வாரேன்."

விமானத்தில் ராக்கனைக் காணவில்லை. திருச்சியில் பெட்டி வரும் பெல்ட் அருகிலும் நின்று பார்த்தான். எல்லோருடைய அட்டைப்பெட்டிகளும் வந்து, பெல்ட் வெறுமனே சுற்றி நின்றது. ராக்கன் வரவில்லை.

இலக்கியாவின் தம்பி கருப்பன் கார் கொண்டுவந்திருந்தான். கீரனூர் தாண்டியதும் பையன் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான்.

"மாமா, வீட்டுக்குப் போயி சொல்லிக்கலாம்னு அக்கா சொன்னுச்சு. எனக்கு மனசு கேக்கல. நம்ம ராக்கன் அண்ணன் தவறிட்டாரு. குழிக்குள்ள நிக்கையில மண்ணு சரிஞ்சு மூடிருச்சாம். நேத்தைக்கு முந்தாநாளு. உடம்பு இன்னும் அங்கதான் ஆஸ்பத்திரியில கெடக்கு."

பிரசாந்த் போனை எடுத்து அந்தக் குரல் செய்தியை மறுபடி ஓடவிட்டான்.

பேச்சு இல்லை.

சரசரவென்று மணல் கொட்டும் சத்தம் மட்டும் கடைசிவரை கேட்டது.

வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ரேகைகளுக்குள் பொடி மணல் ஒட்டியிருந்தது. வெள்ளை மணல். புதுக்கோட்டைச் சீமையில் எங்கே தோண்டினாலும் செம்மண்தான் வரும்.

மறுநாள் காலை துக்கம் விசாரிக்க ராக்கன் வீட்டுக்குப் போனான். ஊரைத் தாண்டி, தைலமரக் காட்டை ஒட்டிய தனி வீடு அது. துக்க வீட்டுக்கான கூட்டம் எதுவும் இல்லை. பந்தல் போட வந்தவர்களையும் ராசாத்தி திருப்பி அனுப்பிவிட்டாளாம். புருஷன் போன அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

ராசாத்தி கதவைப் பாதி திறந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். உள்ளே கோழிக்குழம்பு கொதிக்கும் வாசனை. அதற்கு அடியில், ஈர மணலும் டீசலும்.

"வாங்கண்ணே" என்றாள் மெதுவாக. முகத்தில் பயமும் பூரிப்பும் கலந்திருந்தன. "சத்தமாப் பேசாதீங்க. இப்பத்தான் கண் அசந்தாக."

"யாரும்மா?"

"நீங்க ஜாமீன் நின்னீகளாமே. ஒரு மாசம் லீவு குடுத்துருக்காகளாம்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணே."

அவளுக்குப் பின்னால், இருட்டில், யாரோ புரண்டு படுத்தார்கள்.

மணல் சரிந்தது.

பிரசாந்துக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்றே தெரியவில்லை. இலக்கியாவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் துணிச்சல்காரி. ராத்திரியில் தனியாகக் கொல்லைக்குப் போய்வருகிறவள், பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள். "கூட்டாளி போன துக்கத்துல ஒங்களுக்கு எதெதோ தோணுது. திங்கிற சோத்தை ஒழுங்காத் தின்னுங்க, தெளிஞ்சிரும்" என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

நாட்கள் போயின. ராக்கனின் உடம்பு மட்டும் வரவில்லை. காகிதம் தயாராகவில்லை என்றார்கள், அடுத்த வாரம் என்றார்கள், அதற்கும் அடுத்த வாரம் என்றார்கள். பிரசாந்த் மட்டும் அந்த ஒரு மாத லீவை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். அது முடிந்த அன்றைக்குக் காலையில் பல் துலக்கும்போது அவன் வாயிலிருந்து மணல் வந்தது.

துப்பினான். மறுபடியும் வந்தது. மூச்சு இழுத்தால் நெஞ்சின் மேல் யாரோ மண்வெட்டியால் அள்ளிப் போடுகிற கனம்.

உச்சி வெயிலில் ராக்கன் வீட்டுக்கு ஓடினான். தைலமரக் காட்டில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னல்களையெல்லாம் கம்பளியால் மூடி வைத்திருந்தார்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் தெரிந்தது: சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு ஒரு நீலச் சட்டை உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் குட்டி இளமதி கொட்டாங்குச்சியால் மணலை அள்ளி அள்ளிக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இங்க பாருங்களேன்" என்றாள் பிள்ளை சந்தோஷமாக. "அப்பா சட்டைக்குள்ளேருந்து மண்ணு வருது. அள்ள அள்ள வருது."

பிரசாந்த் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். 

"மாப்ள" என்றான். அழுகை வந்தது. "லீவு முடிஞ்சிருச்சுடா. போயிரு. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. நான் எம்புள்ள மொகத்தைப் பாக்கணும்."

உருவம் திரும்பவில்லை.

"தையில இளமதிக்கு ரெண்டாவது காது குத்துறோம் மச்சான்" என்றது குரல். "போன தடவைதான் பாக்க முடியல."

அந்த ஒரு வார்த்தையில் பிரசாந்துக்கு நெஞ்சு அறுந்தது. தான் மாலையும் கழுத்துமாக நின்ற நாளுக்காக இவன் அங்கே குழிக்குள் நின்றான். பயத்தையும் மீறி, ஓடிப்போய் அந்த நனைந்த முதுகைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அது முடிஞ்சதும் போயிருவியா?"

 மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு ராக்கன் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நீ கேன்சல் பண்ணிட்டுத்தான வந்தே மச்சான்? வீட்டுக்கு வந்தபெறகு, ஒன்னையத் திரும்பிப் போன்னா நீ போவியா?"

பிரசாந்த் எழுந்து வந்துவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் ராசாத்தி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அன்று சாயங்காலம் வாசலில் இலக்கியா மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். பிரசாந்த் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக கருப்பனிடம் கார் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது. வெறும் சைபர்களாக ஒரு எண்.

எடுத்தான். எதிர்ப்பக்கம் காற்றும், தூரத்தில் நின்று உறுமும் ஒரு பஸ்ஸும் கேட்டன. பிறகு முதீரைப் போலவே, ஆனால் முதீர் இல்லாத ஒரு குரல், உடைந்த தமிழில் பேசியது.

"ராக்கன் வரல. ஜாமீன் யார்?"

பிரசாந்துக்கு வாய் திறந்தது. மணல்தான் வந்தது. மார்பெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது.

"ஜாமீன் யார்? பஸ் நிக்குது."

சத்தம் கேட்டு இலக்கியா ஓடிவந்தாள். அவன் கண் செருகியிருப்பதைப் பார்த்தாள். போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். பிரசாந்த் வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினான். அவள் கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை. அவன் அவளைத் தடுக்க எழுந்தான். அவள் அவனை அமுக்கிப் படுக்க வைத்து, அவன் தோளில் தன் வலது கையை ஊன்றிக்கொண்டாள்.

"யாருய்யா நீ? சாகக் கெடக்குற மனுசனை வான்னா எப்புடி வருவாரு? அவரு எங்கிட்டும் வரமாட்டாரு. என்னன்னாலும் எங்கிட்டக் கேளு. அவருக்கு நான் இருக்கேன்!"

எதிர்ப்பக்கம் பஸ்ஸின் உறுமல் ஒருமுறை ஏறி இறங்கியது.

"சரி" என்றது குரல்.

போன் நின்றது.

பிரசாந்தின் நெஞ்சிலிருந்து கனம் அப்படியே இறங்கியது. ஒரு முழு மூச்சு உள்ளே போனது. அடுத்ததும் போனது. அவனுக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். அதை நினைத்துப் பிற்பாடு அவன் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாலும், அந்த முதல் நொடியின் நிம்மதி பொய்யில்லை.

"பாத்தீகளா? ஒரு அதட்டு அதட்டினா எல்லாம் ஓடிரும்." இலக்கியா தண்ணீர் கொடுத்தாள். காரை வேண்டாமென்று தம்பிக்குப் போன் போட்டாள். பிறகு விளக்கை ஏற்றிவிட்டு, பூ வைப்பதற்காகச் சுவர்க் கண்ணாடி முன் நின்று கூந்தலை அவிழ்த்தாள்.

சீப்பை ஒருமுறை இழுத்தாள்.

"ஏங்க, எங்கிட்டு இருந்துங்க இம்புட்டு மண்ணு?"

சிவப்புச் சிமெண்ட் தரையில் வெள்ளை மணல் உதிர்ந்து கிடந்தது. அவள் லேசாக இருமினாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மறுபடியும் இருமினாள்.

பிரசாந்த் போனைப் பாய்ந்து எடுத்தான். அந்த எண் போனில் இல்லை. வந்ததற்கான சுவடே இல்லை. "நான்தான் ஜாமீன், நான்தான்" என்று அணைந்த போனுக்குள் கத்தினான். யாரும் கேட்கவில்லை.

வெளியே, பஸ் போக்குவரத்தே இல்லாத அந்த மண் சாலையில், ஒரு ஹாரன் நீளமாக ஒலித்தது. இலக்கியா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளையா ஒரு பஸ்ஸு வந்து நிக்குதுங்க. உள்ளேருந்து என் பேரைச் சொல்லிக் கூப்புடுறாக. யாருங்க அவுக?"