செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்பட்டவள்

பாட்டு முடிந்த பிறகும் ஒரு குரல் நிற்கவில்லை.

ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு, ஒருத்தியின் தோளில் ஒருத்தி கை போட்டபடி, வெளியே பனியில் நின்ற பிள்ளைகளை வரவேற்றுப் பாடினார்கள். பாடி முடித்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு அடியில், வீட்டின் உள்ளே எங்கேயோ, யாரோ அடுத்த வரியையும் இழுத்துப் பாடி, மூச்சு முட்டியதுபோல் நிறுத்தியது நிருஷாவுக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

அது பல்கலைக்கழகப் பெண்களின் சங்கம். சொரோரிட்டி என்பார்கள். வருடாவருடம் புதுப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, கதைத்துப் பார்த்து, பிடித்தவர்களை மட்டும் சகோதரி என்று சேர்த்துக்கொள்வார்கள். பெண் பார்க்கிற சடங்கேதான், மாப்பிள்ளைதான் இல்லை. நிருஷாவும் நல்ல சட்டை போட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு சகோதரி வேண்டும். போன குளிர்காலத்தில் அவளுடைய அக்கா கௌரி மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் வேலை முடிந்து திரும்பும்போது, பாலத்தில் கார் சறுக்கி ஆற்றுக்குள் போய்விட்டாள். பனிக்கட்டியை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

உள்ளே ஒரு முறை இருந்தது. சங்கத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்திருந்து கதைப்பாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து அவள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் இருப்பாள். வந்தவர்கள் எல்லோரும் சகோதரங்கள் உண்டா என்று கேட்டார்கள். "நான் ஒற்றைப் பிள்ளை" என்றே நிருஷா சொன்னாள். உண்மையைச் சொன்னால் எதிரே இருப்பவளின் முகம் சுருங்கும், பிறகு எழும்பிப் போக வழி தேடுவாள். அப்படிப் பலரைப் பார்த்தாயிற்று. 

கடைசியாக வந்தவள் யன்னலோரம், விளக்கு வெளிச்சம் எட்டாத கதிரையில் இருந்தாள். வாசனைத் தைலம், கேக், பூச்சாடி என்று மணத்துக்கொண்டிருந்த அந்த அறையில் அவளிடமிருந்து மட்டும் நனைந்த கம்பளிச் சட்டையின் வாடை வந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. அந்த வீட்டிலேயே சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே நிருஷாவுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் எதையும் கேட்கவில்லை, நிருஷாவின் சட்டைக் கையின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். நிருஷா தானாகவே அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மற்றக் கதிரைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவளுடைய தோளைத் தட்ட ஒருவரும் வரவில்லை.

வெகு நேரம் கழித்துச் சங்கத் தலைவி மேகன் ஓடிவந்தாள். "மன்னித்துக்கொள், உன்னை இவ்வளவு நேரம் தனியாக இருக்க விட்டுவிட்டோமே!" என்றாள். நிருஷா திரும்பிப் பார்த்தாள். யன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. மெத்தை நனைந்திருந்தது. அவளுடைய சட்டைக் கையின் ஓரத்தில் இரண்டு ஈர அடையாளங்கள் இருந்தன.

சென்ட் லோரன்ட் பகுதியில் அவர்கள் இருந்தது மாடி வீடு. தெருவிலிருந்து இரும்புப் படி ஏற வேண்டும். படியில் காலடி கேட்டால் அம்மா புஷ்பவதி இன்றைக்கும் உள்ளேயிருந்து "கௌரியே?" என்றுதான் கேட்பாள். "இல்லை அம்மா, நான்" என்று சொல்வது நிருஷாவின் வேலையாகிப்போனது. தான் உயிரோடு வந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும் அவளுக்கு.

"ஆரோ வெள்ளைக்காரப் பெட்டையள் உனக்குச் சகோதரியே?" என்றாள் அம்மா. "கண்டறியாத சகோதரி."

"எனக்குக் கதைக்க ஆள் இல்லை, அம்மா."

"ஏன், நான் இல்லையே?"

சொல்லிவிட்டு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளிச்சம் போட நினைக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவுமில்லை. இந்த வீட்டில் செத்தது தான்தான், அம்மாவுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று சில வேளைகளில் நிருஷாவுக்குத் தோன்றும். அக்காவுக்குப் பதிலாகத் தான் போயிருக்கலாம் என்றும் தோன்றும். அதை யாரிடம் சொல்ல?

சங்கத்தின் கடைசி நாள் சடங்குக்குப் பின்னேரமே போனாள். இருட்டிவிட்டிருந்தது. சனவரியில் மொன்றியலில் பகல் என்று ஒன்று பெயருக்குத்தான். வீட்டில் மின்விளக்குகளை அணைத்து, புதுப் பிள்ளைகளின் கைகளில் ஆளுக்கொரு மெழுகுதிரியைக் கொடுத்து ஏற்றியிருந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட சங்கத்துப் பெண்கள் ஏற்றாத திரிகளோடு வந்து, தங்களுக்குப் பிடித்தவளைக் கைபிடித்து அழைத்துப் போனார்கள். பிடித்தவளின் சுடரில் தன் திரியைப் பற்றவைத்துக்கொண்டால் அன்றிலிருந்து இருவரும் சகோதரிகள். ஒருத்தியாய், இரண்டு பேராய், எல்லோரும் போய்விட்டார்கள். சுவரோரம் நிருஷா மட்டும் நின்றாள். அழக்கூடாது என்று நினைத்தாள்.

சட்டைக் கையை யாரோ பிடித்தார்கள்.

கம்பளி வாடை. இம்முறை அதில் சேற்று மணமும் இருந்தது. அவள் இழுத்த பக்கம் நடந்தாள். நடைவழியின் முடிவில் ஒரு சின்ன அறை. மெழுகுதிரியை உயர்த்தினாள். ஈரத் தலைமயிர். மயிருக்கு நடுவில் ஒரு கன்னம். கடைவாயில் சின்னத் தழும்பு. அக்கா சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தபோது வந்தது. நிருஷா பார்த்துக்கொண்டிருக்கத்தான் விழுந்தது.

"வாறன் எண்டு சொன்னியேடி," என்றாள் அவள். "ஏன் வரேல்லை?"

நிருஷா சொன்னதுதான். இறுதிச்சடங்கு மண்டபத்தில், பெட்டியை மூடப்போகும்போது, குனிந்து, "போட்டு வாறன் அக்கா" என்று சொன்னாள். வீட்டை விட்டுப் புறப்படும்போது அப்படித்தானே சொல்லிப் பழக்கம். ஞானாம்பிகை மாமி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "என்னடி சொன்னனீ? செத்தவீட்டிலை ஆரும் சொல்லிக்கொண்டு போறதே? பேசாமல் போகோணும்." இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதை முன்பே சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் அவள் சொல்லியிருப்பாள். அக்காவிடம் சொல்லாமல் எப்படிப் போவது?

"குளிருதடி," என்றாள் அவள். பேசும்போது மெழுகுதிரியின் சுடர் அசையவில்லை. "நான் அம்மாட்டைப் போகட்டே? நீ இஞ்சை இரன்."

இது அக்கா இல்லை என்று நிருஷாவுக்குத் தெரிந்தது. வயிறு அதைச் சொன்னது, முதுகு சொன்னது. ஓடு என்றும் சொன்னது. ஆனால் இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் முகம் கண்ணில் வந்தது. அம்மா ஒருதரம் சிரித்தால் போதும்.

"ஓம், அக்கா."

அவளுடைய கையிலிருந்து ஓர் ஈரத் திரி நீண்டது. பற்றாது என்று நினைத்தாள். பற்றியது. நிருஷாவுடையது அணைந்தது.

அறையில் யாரும் இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். விளக்குகளைப் போட்டுவிட்டிருந்தார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தத் தமிழ்ப் பிள்ளை கடைசி நாள் வரவேயில்லை, பாவம்," என்றாள் மேகன். நிருஷா அவள் முன்னால்தான் நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மேகன் குளிர் பட்டதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு, யன்னலைச் சாத்தச் சொன்னாள்.

மெத்ரோ ரயிலில் ஒரு கிழவர் தன் பையை அவளுடைய மடியில் வைத்தார். பாரம் தெரியவில்லை. பை இருக்கையில் போய் நின்றது.

இறங்கி ஓடினாள். பனியில் ஓடியும் சறுக்கவில்லை. இரும்புப் படிகளில் ஏறினாள். சத்தமில்லை. கதவைத் தட்டினாள். சத்தமில்லை. "அம்மா" என்றாள். அதுவும் இல்லை.

கதவுக்குப் பக்கத்துக் குசினி யன்னலில் வெளிச்சம் இருந்தது.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, கண்ணில் நீர் வர, வாய் நிறையச் சிரித்தாள். எதிரே கதிரையில் முதுகு காட்டி ஒருத்தி இருந்தாள். அம்மா துவாயால் அவளுடைய தலையைத் துவட்டத் துவட்ட, தண்ணீர் நிற்காமல் ஓடி நிலமெல்லாம் பரவியது. அம்மாவின் வெறுங்கால்கள் அந்தத் தண்ணீரில் நீலம் பாய்ந்து நின்றன. அம்மா அதைப் பார்க்கவில்லை. சோற்றையும் குழம்பையும் குழைத்து உருண்டை பிடித்தாள்.

"ஆ காட்டு, என்ரை ராசாத்தி."

கதிரையில் இருந்தவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, நிருஷாவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். உள்ளே பல்லில்லை, நாக்கில்லை. கறுத்த ஆற்றுத் தண்ணீர் விளிம்புவரை தளும்பியது, மேலே மெல்லிய பனிக்கட்டி மிதந்தது. அம்மா உருண்டையோடு விரல்களை உள்ளே விட்டாள். பிறகு மணிக்கட்டுவரை.

சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.