கூடுதலாக ஒரு நாய்

காணாமல் போனதைத் தேடித்தான் வழக்கமாகத் துப்பறிவார்கள். ஊர்காவற்றுறை வீதியோரத்து விலங்குக் காப்பகத்தில் அன்று காலை எதுவும் காணாமல் போகவில்லை. ஒரு நாய் கூடியிருந்தது.

காலை ஆறரை மணி. காப்பாளர் பஸ்ரியாம்பிள்ளை கேற்றைத் திறந்து, வாளியோடு பின்பக்கம் போனார். புதிதாக வருகிற நாய்களை மற்ற நாய்களோடு சேர்க்காமல் சில நாட்கள் தனியாக வைத்துப் பார்க்கிற கூடு அங்கே இருந்தது. நேற்று மாலை அது வெறுமையாகக் கிடந்தது. இப்போது அதற்குள் ஒரு மண்ணிற நாய் கிடந்தது. தாழ்ப்பாள் போட்டபடி. கேற்றும் பூட்டினபடி. மதிலில் போத்தல் ஓடு பதித்திருந்தார்கள். அந்த நாய் இருந்த நிலையில் மதில் தாண்டுவது இருக்கட்டும், எழும்பி நிற்கவே அதனால் முடியவில்லை.

பொறுப்பாளர் றெக்ஷனுக்கு ஃபோன் எடுத்தார். அவன் ஃபோன் நிறுத்தி வைத்திருந்தது. கால்நடை வைத்தியர் நிமலினிக்கு எடுத்தார்.

நிமலினி ஐம்பது தாண்டியவர். விலங்குகளிடம் ஒருநாளும் கோபிக்காதவர். அந்தக் கோபத்தையும் சேர்த்து, அவற்றை வளர்க்கிற மனிதர்களிடம் காட்டுகிறவர். ஸ்கூட்டரை நிறுத்தியதும் நேரே கூட்டடிக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார். கீழ்த்தாடை தொங்கியிருந்தது. எச்சில் நூலாக ஒழுகியது. பின்னங்கால்கள் இழுபட்டன. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மயிர் படிந்து கிடந்தது.

"தண்ணி வைச்சனீங்களோ, அண்ணை?"

"வைச்சனான். அது குடிக்கேல்லை."

"கிட்டப் போகாதேங்கோ. கேற் திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"என்னட்ட ஒண்டு. றெக்ஷன் தம்பியிட்ட ஒண்டு."

"ராத்திரி உங்கட திறப்பு எங்க இருந்தது?"

பஸ்ரியாம்பிள்ளை தன் கால்விரல்களைப் பார்த்தார். "வெளி மதிலில, பூவரசுக்குப் பின்னால ஒரு ஆணி இருக்கு. வீட்ட கொண்டுபோனால் துலைச்சுப்போடுவன் எண்டு அதில கொழுவிவிடுறனான்."

"அது ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "பாண்காரனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்."

"ஊருக்கே தெரியும் எண்டு சொல்லுங்கோ."

அவர் காது சிவக்க நின்றார். இத்தனை வருடமாகப் பூட்டை ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போவதாகப் பெருமைப்பட்டவர்.

பக்கத்து வீட்டு அக்கா என்பவர் சறோஜினிதேவி. குரைப்புச் சத்தத்தால் நித்திரை இல்லையென்று மாதம் ஒரு முறைப்பாடு எழுதுகிறவர். மதிலடிக்கு வந்த நிமலினியைக் கண்டதும், கேள்வி வருமுன்னரே அவர் முகம் மாறிவிட்டது.

"நான் ராத்திரி ஒண்டும் செய்யேல்லை டொக்டர். அது போன மாதம்."

"எது போன மாதம்?"

"அந்த ரெண்டு பூனைக்குட்டி. மதிலுக்கு மேலால இறக்கினது நான்தான். எங்கட பூனைக்கு ஒபரேசன் செய்யிறதுக்கு நேரம் கிடைக்கேல்லை." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "பெரிய நாயை நான் என்னெண்டு தூக்குறது? நீங்களே சொல்லுங்கோ."

நிமலினிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாயைப் பற்றி விசாரித்தால் ஊரின் உள்வீட்டு விஷயமெல்லாம் வரிசையில் வந்து நிற்கிறதே என்று நினைத்தார். ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை.

எட்டு மணிக்கு றெக்ஷனின் மோட்டார்சைக்கிள் வந்தது. அல்லைப்பிட்டிக் கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது, தீவுப்பகுதி முழுக்கத் தெரிந்த முகம். நாய்களுக்கு வெறிநோய் வராமல் விசர்த் தடுப்பூசி போடுகிற நாட்களில் தேவாலய வளவிலும் கோயில் வீதியிலும் ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறவன். ஊசி போட்ட ஒவ்வொரு நாய்க்கும் அடையாளமாகக் கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டுவதும் அவன் கைதான். அந்தப் பட்டியைக் கண்டால் ஒழுங்கையில் போகிற சனம் நாய்க்கு விலகுவதில்லை.

கையில் கடைச் சாப்பாட்டுப் பார்சலோடு கேற்றடியில் இறங்கினான்.

"ஃபோன் என்ன நடந்தது?" என்றார் நிமலினி.

"சார்ஜ் இல்லை டொக்டர். வீட்டில கத்தரீனாவுக்குத் தேங்காய் திருவேக்க திருவலையில கை வெட்டிப்போட்டுது, ரெண்டு நாளாய்ச் சமையல் இல்லை. கடையில நிண்டு எடுத்துக்கொண்டு வர நேரம் போட்டுது."

"தனிக்கூட்டில ஒரு நாய் கிடக்குது. ராத்திரி ஆரோ கொண்டுவந்து விட்டிருக்கினம். விசர் எண்டுதான் நினைக்கிறன்."

அவன் பார்சலை மற்றக் கைக்கு மாற்றினான். "அவளைத் தொட்டனீங்களோ? கையுறை போட்டனீங்களோ டொக்டர்?"

"இன்னும் தொடேல்லை," என்றார் நிமலினி. அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு நாய் செத்தது. மூளை மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரப் பல நாள் ஆகும். நிமலினி முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு கூட்டுக்குள் போனார். பெண் நாய். நான்கைந்து வயது. நகம் வெட்டியிருந்தது. வாயைத் திறந்து விளக்கு அடித்தார். நாக்கின் அடியில், தொண்டை வாசலில், வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. இடுக்கியால் எடுத்தார்.

சோறு. கறி படாத வெறுஞ்சோறு. இறுக்கி உருட்டியது. ஒரு பல்லும் அதில் படவில்லை.

அதைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடினார். அவர் முகத்தில் இருந்த கோபம் போய்ப் பயம் வந்ததைப் பஸ்ரியாம்பிள்ளை கண்டார்.

மூவரும் அலுவலக அறையில் இருந்தார்கள். மேசையில் போத்தல். றெக்ஷனின் பார்சல் பிரிக்காமல் கிடந்தது.

"தண்டம் எழுத நான் ஆளைத் தேடேல்லை," என்றார் நிமலினி. "இந்த நாயின்ர வாய்க்குள்ள ஒரு ஆள் கை வைச்சிருக்கு. அந்த ஆள் இண்டைக்கு ஊசி போட்டால் தப்பலாம். வருத்தம் வெளிக்கிட்ட பிறகு எந்தப் பெரிய டொக்டராலயும் ஏலாது. அதுதான் எனக்கு அவசரம்."

நிமலினி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"திறப்பு இருக்கிற இடம் ஊருக்கே தெரியும். எண்டாலும், வெளி ஆள் எண்டால் கேற்றடியில முதல் கூடு இருக்கு, அதுக்குள்ள தள்ளிப்போட்டு ஓடியிருக்கும். இந்த ஆள் இருட்டில பின்னால போய், தனிக்கூட்டில விட்டிருக்கு. மற்ற நாயளுக்குத் தொத்தக்கூடாது எண்ட எண்ணம். காப்பகத்து ஒழுங்கு பழகின ஆள்."

பஸ்ரியாம்பிள்ளை திடுக்கிட்டார். "டொக்டர், நான்..."

"நீங்கள் இல்லை அண்ணை. உங்கட வீட்டில நாய் இல்லை. நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டனீங்கள். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? 'அது குடிக்கேல்லை' எண்டு. அறியாத நாயை நாங்கள் எப்பவும் 'அது' எண்டுதான் சொல்லுவம்." நிமலினி திரும்பினார். "கேற்றடியில நான் நாய் எண்டு மட்டும்தான் சொன்னனான். ஆணோ பெண்ணோ எண்டு எனக்கே அப்ப தெரியாது. நீர் 'அவளை'த் தொட்டனீங்களோ எண்டு கேட்டனீர். வளர்த்த ஆள்தான் நாயை 'அவள்' எண்டு சொல்லும், றெக்ஷன்."

றெக்ஷன் மறுக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே சுருங்கிப் போனான்.

"ஜூலி," என்றான். "என்ர ஜூலி."

"கழுத்தில தடம் இருக்கு. பட்டியைக் கழட்டினது ஆர்?"

"நான்தான். அதில இலக்கம் இருக்கு."

"பட்டி இருந்தால் ஊசி போட்டிருக்குமே. பிறகு என்னெண்டு விசர் வந்தது?"

அவன் குனிந்தான். குரல் மேசைக்குத்தான் கேட்டது.

"போடேல்லை டொக்டர். அண்டைக்கு எல்லாருடைய நாயளுக்கும் போட்டு முடிய மருந்து முடிஞ்சுது. அடுத்த நாள் போடுவம் எண்டு விட்டனான். என்ர வீட்டு நாய் பட்டி இல்லாமல் நிண்டால் சனம் என்ன சொல்லும்? பட்டியை மட்டும் கட்டிவிட்டன். பிறகு அந்த அடுத்த நாள் வரவே இல்லை." முகத்தைத் துடைத்தான். "மூண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை. முந்தநாள் எச்சில் வடிஞ்சுது. நேற்றுத் தாடை விழுந்திட்டுது. எனக்கு விளங்கிட்டுது. உங்களிட்டக் கொண்டுவந்தால் முதல் கேள்வி ஊசியைப் பற்றித்தானே. ஆனால் ஒருத்தரையும் அவள் கடிக்கேல்லை, நான் கையுறை போட்டுத்தான் தூக்கினனான். கடிச்சிருந்தால் சொல்லியிருப்பன் டொக்டர், சத்தியமாய்."

நிமலினி போத்தலை அவன் பக்கம் தள்ளினார். "அப்ப இந்தச் சோத்தை ஆர் உருட்டினது?"

"நான் சோறு குடுக்கேல்லை."

"தெரியும். உமக்கு விசர் எண்டு விளங்கினது. இதை உருட்டின ஆளுக்கு விளங்கேல்லை. நாய் வாயை மூடேலாமல் எச்சில் வடிச்சால், தொண்டையில முள்ளுச் சிக்கிட்டுது எண்டுதான் மீன் சாப்பிடுற வீட்டில நினைப்பினம். முள்ளுச் சிக்கினால் என்ன செய்யிறது? வெறுஞ்சோத்தை உருட்டி விழுங்கக் குடுக்கிறது. விழுங்காட்டில் விரலால உள்ள தள்ளுறது." அவர் குரல் தணிந்தது. "கத்தரீனாவுக்கு எந்தக் கை, றெக்ஷன்?"

கதிரை பின்னால் விழுந்தது. அவன் எழுந்ததை இருவரும் அதற்குப் பிறகுதான் கண்டார்கள்.

றெக்ஷனின் வீட்டில் அவன் மனைவி கத்தரீனா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. ஸ்கூட்டரில் வந்திறங்கிய நிமலினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஜூலிக்கு எப்பிடி டொக்டர்? முள்ளை எடுத்திட்டீங்களோ? இவர் விடிய முன்னமே உங்களிட்டக் கொண்டுபோறன் எண்டு போனவர்."

நிமலினி, பின்னால் வந்து நின்ற றெக்ஷனைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டும் பிள்ளை."

கத்தரீனா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "திருவலை இல்லை டொக்டர். முந்தநாள் சோறு தீத்தேக்க பல்லுக் கீறினது. நேற்றும் கடைச் சோத்தை உருட்டித் தீத்தினனான். நாயின்ர வாய்க்குள்ள கை வைக்கக்கூடாது எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுற மனுசன், நானே வைச்சனான் எண்டால் ஏசுவார் எண்டு சொல்லேல்லை. சின்னக் காயம்தான். ஊசி போட்ட நாய்தானே. பட்டி கட்டியிருக்கே."

அவள் அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். றெக்ஷன் முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டான்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யுது?" என்று அவள் அவனிடம் ஓடினாள். அவனால் தலை நிமிர்த்த முடியவில்லை. வெட்கத்தில் மனிதன் சாவதில்லை என்பது அந்த நேரத்தில் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நிமலினி அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், காயத்துக்குச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார். என்ன நடந்ததென்பதை அவரே சொன்னார். கத்தரீனா அழவில்லை. ஈரக்கையோடு புருசனை வெறித்துப் பார்த்தாள். பிறகு போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நிமலினியும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெளிநோயாளர் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் ஊசி போட்டாயிற்று. மிச்ச மருந்துக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். நேரத்தோடு வந்தபடியால் பயமில்லை என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். தாதி விபரம் கேட்டாள்.

"நாய் ஆற்றை?"

"எங்கட," என்றான் றெக்ஷன்.

"தடுப்பூசி போட்டதோ?"

மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் அவனுடைய பேச்சைக் கேட்டவர்கள். இரண்டொருவர் அவனைக் கண்டு தலையாட்டியும் இருந்தார்கள். மெதுவாகச் சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் பார்த்தான். கத்தரீனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றான், எல்லாருக்கும் கேட்க. "ஊசி போடேல்லை. பட்டியை மட்டும் நான் கட்டினனான்."

வாங்குகளில் இருந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். சுவரோரம் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழும்பினாள்.

"தம்பி, எங்கட நாய்க்கும் நீர்தானே கட்டினனீர். அதுக்கு ஊசி போட்டதோ?"

"போட்டது அக்கா. உங்கட நாய்க்குப் போட்டது."

அது உண்மை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனைத் தாண்டி நிமலினியிடம் போனாள்.

"டொக்டர், நாளைக்குக் கொண்டுவரட்டோ? நீங்கள் உங்கட கையால ஒருக்காப் போட்டுவிடுங்கோ."

"கொண்டுவாங்கோ," என்றார் நிமலினி.

வாங்கில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழும்பி நிமலினியிடம் வந்தார்கள்.