பத்துச் சுண்டு அரிசி

கமலாவதி பிட்டவித்த நீத்துப்பெட்டியைத் தட்டிய வேகத்தில் பிட்டு உடைந்து பாதி தரையில் சிந்தியது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

"செல்வநாயகி இண்டைக்குப் போய்க் கலாசாலையைப் பாத்திட்டு வரட்டும். அவள் சரியெண்டால் விண்ணப்பத்தை அனுப்புவம்" என்று கணவர் கதிரவேலு அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

செல்வநாயகி அவருடைய தங்கை. மகள் பத்மாவதிக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்புச் சோதனை பாஸ் பண்ணியிருந்தாள். உடுப்பிட்டிப் பக்கம் பெண்களுக்கென்று புதிதாக ஓர் ஆசிரிய கலாசாலை தொடங்கியிருப்பதாகச் செல்வநாயகிதான் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இந்த வருஷம் எங்காவது இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம் என்று தகப்பன் முன்னமே சொல்லிவிட்டார்.

"ஏன், பெத்தவளுக்குக் கண் தெரியாதோ?" என்றாள் கமலாவதி.

"நீ அங்கை போய் என்னத்தைக் கேக்கப் போறாய்? அவள் விடுதியிலை இருந்து படிச்சவள்."

"ஓம்... அவ படிச்சவ. நான் பிட்டவிக்கிறவள்!"

பதினைந்து வருஷத்துக்கு முன், புருஷனை இழந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்த செல்வநாயகிக்கு மேற்கு அறையை ஒழித்துக் கொடுத்தவள் கமலாவதிதான். இணுவிலில் அந்த வீடும் வளவும் அவளுடைய சீதனம். அதை ஒரு நாளும் அவள் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் காலையில் அண்ணனும் தங்கையும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கதைக்கும்போது, கோப்பியோடு நிற்கிறவளை இருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பத்மாவதிக்குச் சந்தேகம் வந்தால் "மாமி!" என்றுதான் ஓடுவாள். தலை பின்னிவிடுவதுகூட மாமிதான்.

அன்று வாய் நிற்கவில்லை.

"என்ரை சீதன வீட்டிலை இருந்துகொண்டு, என்ரை பிள்ளையை எங்கை விடுறதெண்டு வேறை ஆக்கள் முடிவெடுக்கினம்... நல்ல ஞாயம்!"

புறப்படுவதற்காகச் சீலை மாற்றிக்கொண்டு வந்த செல்வநாயகி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மச்சாளும் வரட்டும் அண்ணை" என்றாள் மெதுவாக. "அவ வராட்டில் நானும் போகேல்லை."

பஸ் புத்தூரைத் தாண்டி வல்லை வெளிக்கு வந்தபோது காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்தில் இருந்த செல்வநாயகிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கமலாவதி வெளியே பார்த்தாள்.

கலாசாலை வெள்ளையடித்துத் துப்புரவாக இருந்தது. அதை நடத்தும் அதிபர் அம்மா கதிரை போட்டு இருத்தினார். நாற்பது பிள்ளைகள், ஆறு ஆசிரியைகள், அரசாங்க அங்கீகாரமும் கிடைத்துவிட்டது என்றார். செல்வநாயகி பாடத்திட்டம் கேட்டாள், சோதனை முறை கேட்டாள், புத்தக அலுமாரியைத் திறந்து காட்டியதும் எழுந்தே போய்விட்டாள். கமலாவதி கதிரை நுனியில் இருந்தாள்.

"உங்கடை மகளுக்கு ஏற்ற இடம் அம்மா" என்றார் அதிபர், செல்வநாயகியைப் பார்த்து.

தான் தாயில்லை என்று செல்வநாயகி திருத்தவில்லை. கமலாவதிக்குக் காது இரண்டும் எரிந்தன.

"தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழுந்து பின்பக்கம் போனாள்.

குசினியில் ஒருத்தி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். செம்பை வாங்கிக் குடித்துவிட்டுக் கமலாவதி உலைப்பானையையும் அரிசி அளக்கும் சுண்டுப் பேணியையும் பார்த்தாள்.

"மத்தியானத்துக்கு எத்தினை சுண்டு அரிசி போடுறனீங்கள்?"

"பத்து."

"பத்துச் சுண்டு இருவது பேருக்குத்தானே போதும் பிள்ளை. நாப்பது பேர் எண்டவை?"

அவள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது தொடங்கேக்கை அம்மா. இப்ப பதினாறு பிள்ளையள். வாத்தியார் அம்மாமாரிலை மூண்டு பேர் தை மாசத்தோடை விலகிப் போட்டினம். கவுண்மேந்து ஆக்கள் வந்து பாத்தவை, ஏத்துக்கொண்ட கடிதம் இன்னும் வரேல்லையாம்... நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ!"

திரும்பும் பஸ்ஸில் கமலாவதியின் மனம் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளே பயந்தாள். பிள்ளையின் நன்மைக்காகவா பிழை தேடினேன், மச்சாளைத் தோற்கடிக்கவா? விடை தெரியவில்லை. புத்தூர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

செல்வநாயகியின் முகம் வெளுத்துவிட்டது. "அங்கீகாரம் இல்லாட்டில் தராதரப் பத்திரம் குடுக்கேலாதே மச்சாள்... ரெண்டு வருஷம் படிச்சும் வீண். நான் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ எண்டு கேக்கேல்லையே!"

"உம்மடை அண்ணையிட்டை நீரே சொல்லும். நான் சொன்னால் எரிச்சலிலை சொல்லுறன் எண்டுதான் நினைப்பினம்."

வீட்டுப் படலையடியில் பத்மாவதி காத்துக்கொண்டு நின்றாள். "அந்த இடம் வேண்டாம்" என்று மாமி சொல்லக் கேட்டதும் வெடித்து அழுதாள்.

"அம்மாதான் கெடுத்தது! மாமி சொன்ன இடம் எண்டதாலை பிழை பிடிச்சிருக்கிறா..."

"நினைச்சனான்" என்றார் கதிரவேலு. "எரிச்சல் பிடிச்சவளை ஏன் கூட்டிக்கொண்டு போனனீ?"

கமலாவதி தலை குனிந்தாள். அவர் சொன்னது பாதி உண்மைதான்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை!" செல்வநாயகியின் குரல் உடைந்தது. "அங்கை உண்மையைக் கண்டுபிடிச்சது மச்சாள். அலுமாரியைக் கண்டு மயங்கினது நான்." குசினியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு கமலாவதியின் பக்கம் திரும்பினாள். "அந்த அம்மா என்னைத் தாயெண்டு நினைச்சுக் கதைச்சவ. நான் இல்லையெண்டு சொல்லேல்லை... ஒரு கணம் அது எனக்கு இனிச்சுது மச்சாள்! உங்களுக்கு வீடு, புருஷன், பிள்ளை... பதினைஞ்சு வருஷமா உங்களைப் பாத்துப் பாத்து நான் எரியாத நாளில்லை. உங்கடை சோத்தைத் திண்டுகொண்டே!"

கமலாவதி திகைத்துப்போனாள். இந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்தவள் தான் ஒருத்தி மட்டுமே என்று இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

"விசரி..." என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "காலமை நான் சொன்ன சொல்லை மனசிலை வையாதையும். அதைச் சொன்ன நேரம் தொட்டு அது என்னையே சுடுது." இருவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். கதிரவேலு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சால்வையை உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்ப... வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்யிறது?" என்றார். அந்தக் கேள்வியை இம்முறை மனைவியிடம் கேட்டார்.

"இன்னும் மூண்டு நாள் கிடக்கு. பட்டணத்திலையும் ஒரு கலாசாலை இருக்கெண்டு மச்சாள் சொல்லுறா. நாளைக்குப் போய்ப் பாப்பம்."

பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். தாயின் முந்தானையைத் தொடலாமா என்று தயங்கினாள். "அங்கையும் நீங்களும் மாமியுமே போறியள், அம்மா?"

கமலாவதி மகளை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு கதையிலும் இவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீயும் எங்களோடை வெளிக்கிடு. இருந்து படிக்கப் போறவள் நீயெல்லே!"